மூன்று வகையிலும் சேராத கல்

லோகநாயகி வீட்டில் எது சமைத்தாலும் முதல் கரண்டி கல்லுக்குத்தான். குழம்பு இறங்கியதும் சின்ன எவர்சில்வர் தட்டில் சோறு போட்டு, மேலே மீனின் நடுத்துண்டை வைத்து, நடு அறையின் சிமெண்ட் அலமாரிக்குக் கொண்டுபோவாள். அங்கே மாலை போட்ட எழிலனின் புகைப்படம் இருக்கும். அதற்கு முன்னால் கல். ஒரு தேங்காய் அளவு. நாலரை வருட நல்லெண்ணெயும் மஞ்சளும் குங்குமமும் ஏறிக் கறுத்து மினுமினுத்தது. தட்டு கொஞ்ச நேரம் அதன் எதிரில் இருக்கும். பிறகு புருஷன் காத்தவராயன் சாப்பிடலாம். அதற்கும் பிறகு மகள் வெண்மதி. ஆறிப்போன நடுத்துண்டை லோகநாயகியே கடைசியில் தின்பாள்.

வெண்மதிக்கு அந்தக் கல் வீட்டை விட்டுப் போகவேண்டும். ஒன்பதாம் வகுப்பு படிக்கிற பெண்ணுக்கு எத்தனையோ ஆசைகள் இருக்கும், அவளுக்கும் இருந்தன. எல்லாம் இதற்குப் பின்னால்தான் வரிசையில் நின்றன.

காரணம் இல்லாமல் இல்லை. பள்ளிக்கூடம் கிளம்பும்போது அம்மாவிடம் சொன்னால் போதாது, "அண்ணங்கிட்ட சொல்லிட்டுப் போ" என்று அலமாரிக்கு அனுப்புவாள். தீபாவளிக்கு முதல் துணி கல்லுக்கு. இருந்திருந்தால் இந்த வருடம் எவ்வளவு வளர்ந்திருப்பான் என்று கடைக்காரரிடம் கையை உயர்த்திக் காட்டிச் சட்டை எடுப்பாள். போன வருடச் சட்டை காத்தவராயனுக்கே சரியாக இருந்தது. மாதத்தில் மூன்று நாள் வெண்மதி பின்பக்கத்துக் கீற்றுச் சார்ப்பில் படுக்க வேண்டும். மற்ற வீட்டுப் பெண்கள் உள்ளேதான் படுக்கிறார்கள் என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். "அவுங்க வூட்டு அலமாரியில அண்ணன் இருக்கானா?" என்று கேட்டாள் லோகநாயகி. மழை பெய்தாலும் சார்ப்புதான்.

எழிலனைக் கடல் எடுத்துக்கொண்டபோது அவனுக்குப் பன்னிரண்டு வயது. சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் தேவனாம்பட்டினம் மணலில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தான். உடம்பு கிடைக்கவில்லை. பதினாறாம் நாள் ஊரே கடற்கரையில் சேர்ந்து கருமாதி செய்தது. செத்தவருக்கு ஒரு கல்லை மணலில் நட்டு, அவரை அதில் வரவழைத்து, பால் ஊற்றி, சோறு படைப்பார்கள். கடைசியில் கல்லைப் பிடுங்கித் தலைக்குப் பின்னால் தண்ணீரில் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும். கல் போனால் ஆள் போனதாக அர்த்தம். அன்றைக்கு வரிசையாக எல்லோரும் போட்டார்கள். காத்தவராயன் மகனுடைய கல்லைத் தூக்கியபோது லோகநாயகி அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"புள்ளையத்தான் எடுத்துக்கிச்சு. கல்லையும் அதுக்கே குடுக்கணுமா?"

ஊர்த் தலைவரான நாட்டார் எடுத்துச் சொன்னார். கருமாதிக் கல் வீட்டுக்குள் வந்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று பக்கத்து வீட்டு ராசம்மாள் காலைப் பிடிக்காத குறையாகச் சொன்னாள். லோகநாயகி கல்லை மடியில் கட்டிக்கொண்டு நடந்துவிட்டாள். தகரக் கொட்டகையில் இருந்த காலத்தில் அது அவள் தலைமாட்டில் கிடந்தது. சுனாமி குடியிருப்பில் வீடு கிடைத்ததும் அலமாரி ஏறியது. காத்தவராயன் இதைப்பற்றி வாயே திறக்கவில்லை. அவன் பொதுவாகவே பேசுகிற ஆள் இல்லை என்பதால் யாரும் அதைக் கவனிக்கவில்லை.

ராஜசபேசன் அந்த வருடம் ஜூனில்தான் வெண்மதியின் பள்ளிக்குச் சமூக அறிவியல் ஆசிரியராக வந்தார். சிதம்பரத்தில் கோயிலை ஒட்டிய வீதியில் வீடு. தினமும் பஸ்ஸில் வந்து போவார். நெற்றி நிறைய விபூதி, கையில் டிபன் பை. பாடம் நடத்துவதில் ஆசை உள்ளவர்.

பாறைகள் பாடம் ஆகஸ்ட்டில் வந்தது. புத்தகத்தில் மூன்று படங்கள் இருந்தன. மூன்றும் மை அப்பி ஒரே மாதிரிக் கறுப்பாக இருந்தன, கீழே எழுதியிருப்பதைப் படித்துத்தான் எது எந்தப் பாறை என்று தெரிந்துகொள்ள முடியும். வகுப்பில் முக்கால்வாசி மீன்பிடிக்கிற வீட்டுப் பிள்ளைகள். அவர்கள் ஊரில் எங்கே தோண்டினாலும் மணல் வரும், மணலுக்குக் கீழே தண்ணீர் வரும். சுனாமிக்குப் பிறகு லாரியில் கொண்டுவந்து கடலோரம் கொட்டிய கருங்கற்களைத் தவிர அவர்கள் பெரிய கல் பார்த்ததில்லை. ராஜசபேசன் புத்தகத்தை மூடி வைத்துவிட்டார்.

"படிவுப்பாறை ஒங்க வீட்லயே உண்டாகுது. கருவாட்டுத் தொட்டி பாத்திருக்கீங்க இல்ல?"

விபூதிக்காரர் வாயில் கருவாடு வந்ததும் வகுப்பு சிரித்தது. கடைசி பெஞ்சு மணவாளன், சாருக்குக் கருவாடு தெரியுமா என்று கேட்டான்.

"வாசனை தெரியும்டா. பஸ்ல ஒங்க அம்மா கூடைக்குப் பக்கத்துலதான் தெனமும் நிக்கறேன்."

ஒரு வரிசை மீன், ஒரு வரிசை உப்பு, மறுபடி மீன், மறுபடி உப்பு, மேலே பாரம். அப்படித்தான் ஆறு கொண்டுவந்த மணலும் சேறும் சிப்பியும் அடுக்கடுக்காகப் படிந்து, மேலே இருப்பதன் கனம் தாங்காமல் கெட்டிப்பட்டுக் கல்லாகிறது என்றார். தீப்பாறை வேறு. பூமிக்குள் உருகிக் கிடந்தது மேலே வந்து ஆறி இறுகினது. சீக்கிரம் ஆறினால் உள்ளே மணி பொடியாக இருக்கும், நிதானமாக ஆறினால் பெரிதாக மின்னும். மூன்றாவது உருமாறிய பாறை. ஏற்கெனவே பாறையாக இருந்ததுதான், வெப்பத்திலும் அழுத்தத்திலும் கிடந்து கிடந்து வேறாகிப் போனது. சுண்ணாம்புக்கல் பளிங்கு ஆவதைச் சொன்னார். உலகத்தில் எந்தக் கல்லை எடுத்தாலும் இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும் என்று சொல்லி, பலகையில் மூன்று கட்டம் போட்டார்.

வெண்மதி எழுந்து, கல் தானாக அழியுமா என்று கேட்டாள்.

அழியும் என்றார். வெயில், மழை, காற்று எல்லாம் சேர்ந்து அரித்துவிடும். எத்தனை நாளாகும் என்று கேட்டாள். லட்சக்கணக்கான வருடம் ஆகும் என்றதும் உட்கார்ந்துகொண்டாள்.

அடுத்த சனிக்கிழமை ராஜசபேசன் வகுப்பைச் சிதம்பரம் அழைத்துப் போனார். கோயிலுக்குத்தான், ஆனால் சாமி பார்க்க இல்லை என்று பஸ்ஸிலேயே சொல்லிவிட்டார். பிரிசில்லா முதலில் வரத் தயங்கினாள். "நீ ஒங்க சாமிய நெனச்சுக்கிட்டு எங்க தூணப் பாரும்மா" என்று அவர் சொன்னதில் வந்துவிட்டாள். ஆயிரங்கால் மண்டபத்துக்கு முன்னால் எல்லோரையும் நிறுத்தினார்.

"சிதம்பரத்துல மலை இருக்கா?"

இல்லை என்றார்கள்.

"குன்று?"

அதுவும் இல்லை.

"அப்ப இவ்வளவு கல்லு?"

எங்கெங்கோ மலையை உடைத்து, வண்டியில் ஏற்றி, இந்த வண்டல் மண்ணுக்குக் கொண்டுவந்தார்கள் என்று அவர் சொன்னபோது பிள்ளைகள் தூண்களை முதல் தடவை பார்ப்பதுபோல் பார்த்தார்கள். பிறகு உள்ளே போய், விளக்குப் பிறையை ஒட்டியிருந்த ஒரு தூணைத் தொடச் சொன்னார். எண்ணெயும் புகையும் ஏறிக் கன்னங்கரேல் என்று இருந்தது, தொட்டால் கையில் பிசுக்கு ஒட்டியது. இது என்ன பாறை என்று கேட்டார். ஆளுக்கொன்று சொன்னார்கள். எல்லாமே தப்பு, ஏனென்றால் நீங்கள் பார்ப்பது எண்ணெயை, கல்லை இல்லை என்றார். மேல்தோலை வைத்துக் கல்லைச் சொல்லக் கூடாது. உடைத்து உள்ளே பார்க்க வேண்டும்.

மணவாளன் தூணை ஒரு தட்டுத் தட்டிப் பார்க்கலாமா என்றான்.

"தட்டினா உள்ளேருந்து ஒருத்தர் வந்து ஒன்னத் தட்டுவார். வேணாம். திங்கக்கெழம ஆளுக்கு ஒரு கல்லு கொண்டாங்க. நான் சுத்தியல் கொண்டாரேன். ரெண்டா ஒடைச்சுப் பாப்போம். ஒடைச்சத ஒட்டித் தரமாட்டேன், அத யோசிச்சுக்கிட்டுக் கொண்டாங்க."

திரும்பி வரும்போது பஸ்ஸில் பிரிசில்லா எந்தக் கல் கொண்டுவரலாம் என்று பேசிக்கொண்டே வந்தாள். வெண்மதி கையை முகர்ந்து பார்த்தாள். தூணில் தொட்ட பிசுக்கு இன்னும் போகவில்லை. வீட்டு அலமாரியின் வாசனைதான்.

திங்கட்கிழமை விடிவதற்கு முன்பே காத்தவராயன் ஃபைபர் போட்டில் போய்விட்டான். லோகநாயகி ஏலத்தில் மீன் எடுத்துக்கொண்டு மஞ்சக்குப்பம் போனாள். வெண்மதி கல்லை எடுத்துப் பின்பக்கத்துக்குக் கொண்டுபோய்ச் சீயக்காய் போட்டுத் தேய்த்தாள். குங்குமம் போனது, மஞ்சள் போனது, எண்ணெய் முழுசாகப் போகவில்லை. பழைய துண்டில் சுற்றிப் புத்தகப் பையில் வைத்தாள். மனசில் திட்டம் தெளிவாக இருந்தது. கல் கொண்டுவரச் சொன்னது சார், உடைத்தது சார். அம்மா அடித்தால் இரண்டு நாள் அடிப்பாள். உடைந்த கல்லை யாரும் கும்பிட மாட்டார்கள், உடைந்த சாமியையே கடலில்தான் போடுகிறார்கள். அன்றைக்குப் போட்டிருக்க வேண்டியதை இன்றைக்குப் போட்டுவிடலாம்.

வகுப்பு மேஜையில் சுண்ணக்கட்டியால் மூன்று கட்டம் போட்டிருந்தது. பிரிசில்லா கேப்பர் மலைப் பக்கத்திலிருந்து செக்கச்செவேல் என்று ஒரு மணற்கல் கொண்டுவந்திருந்தாள். கையால் தேய்த்தாலே மணல் உதிர்ந்தது, அது படிவுப்பாறைக் கட்டத்துக்குப் போனது. கடலோரத்துக் கருங்கல் சில்லு தீப்பாறைக் கட்டத்துக்கு. ஒரு பையனின் அப்பா பரங்கிப்பேட்டையில் வெளிநாட்டுக்காரர்கள் கட்டுகிற வீடுகளுக்குத் தரை போடுகிறவர். அவன் கொண்டுவந்த பளிங்குத் துண்டு உருமாறிய பாறைக் கட்டத்தில் தனியாக மின்னியது. மணவாளன் அரைச் செங்கல் கொண்டுவந்திருந்தான். ராஜசபேசன் கோபப்படாமல் நான்காவதாக ஒரு கட்டம் போட்டு, அதில் 'பாறை அல்ல' என்று எழுதி, செங்கல்லை வைத்தார். வகுப்பு சிரித்தது, மணவாளன் எழுந்து கும்பிடு போட்டான்.

வெண்மதியின் கல்லை வாங்கியதும் அவர் கை வழுக்கியது.

"இதென்ன இவ்வளவு எண்ண? எங்கேர்ந்து எடுத்தே?"

"வீட்ல இருந்துச்சு சார்."

"ஒடைச்சா அம்மா தேடமாட்டாங்களே?"

"ஒடைங்க சார்."

அவர் கல்லைச் சாக்கில் சுற்றி வராந்தாப் படியில் வைத்தார். சில்லு கண்ணில் தெறிக்கும் என்று எல்லோரையும் தள்ளி நிற்கச் சொன்னார். முதல் அடியில் ஒன்றும் ஆகவில்லை. அடுத்ததில் சாக்குக்குள் ஏதோ நகர்ந்த சத்தம். அதற்கடுத்த அடியில் பிளந்துவிட்டது. சாக்கைப் பிரித்து இரண்டு பாதியையும் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். நெற்றி சுருங்கியது. பிள்ளைகளை அருகில் கூப்பிட்டார்.

"படிகம் தெரியுதா? மின்னுதா?"

இல்லை.

"அடுக்கு?"

அதுவும் இல்லை. சாம்பல் நிறத்தில் பொருபொருவென்று இருந்தது. அதில் இரண்டு மூன்று நீலஜல்லி பதிந்திருந்தது. ஒரு ஓரத்தில் துருப்பிடித்த கம்பித் துண்டு நீட்டிக்கொண்டிருந்தது.

"சார், எங்க வூட்டு மேல்தளம் ஒழுவும்போது இப்பிடித்தான் கொட்டும்" என்றான் மணவாளன்.

"இன்னிக்கு நீதான்டா சரியாச் சொல்றே." ராஜசபேசனுக்கு நிஜமாகவே சந்தோஷம். "இது சிமெண்ட் கலவை. மேல எண்ண ஏறினதால கருங்கல் மாதிரி நடிச்சுது. மூணு வகையிலயும் சேராது. இது பாறையே இல்ல."

இரண்டு பாதியையும் செங்கல் பக்கத்தில் வைத்தார். வகுப்பு செங்கல்லுக்குச் சிரித்ததைவிட அதிகமாகச் சிரித்தது. பார்த்தீர்களா, தோலை வைத்து முடிவு கட்டினால் என்ன ஆகிறது, வெண்மதி கொண்டுவந்ததுதான் இன்றைக்கு நல்ல பாடம் என்று அவர் அவளைத் தட்டிக்கொடுத்தார்.

வெண்மதி முதலில் செங்கல் பக்கத்தில் கிடந்த பாதிகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பாறையே இல்லை என்றால் இத்தனை நாள் யாரிடம் சொல்லிக்கொண்டு பள்ளிக்கூடம் வந்தாள், யாருக்காகச் சார்ப்பில் படுத்தாள். பிறகு மெதுவாக வேறொன்று தோன்றியது. உடைந்துபோனது என்று சொல்வதைவிட இது நல்லது. உடைந்ததை ஒட்டி வைத்துக் கும்பிட அம்மாவுக்குத் தைரியம் உண்டு. கல்லே இல்லை என்றால் என்ன செய்வாள்? மணி அடித்ததும் போய்ப் பாதிகளைத் திருப்பிக் கேட்டாள். இதை வைத்து என்னம்மா செய்யப்போறே என்றார். வீட்டில் காட்டவேண்டும் என்றாள்.

சாயங்காலம் அவள் போனபோது காத்தவராயன் வாசலில் வலை பார்த்துக்கொண்டிருந்தான். லோகநாயகி உள்ளே அலமாரி முன்னால் நின்றிருந்தாள். மீன்கூடையைக்கூட இறக்கி வைக்கவில்லை, இடுப்பிலேயே இருந்தது.

"எங்கடி?"

வெண்மதி துண்டைப் பிரித்துத் தரையில் வைத்தாள். சொல்லவேண்டியதை வரும் வழியெல்லாம் சொல்லிப் பார்த்திருந்ததால் தடங்கல் இல்லாமல் வந்தது. சார் உடைத்தார். உள்ளே சிமெண்ட். ஜல்லி பார், கம்பி பார். இது கல்லே இல்லை, அம்மா.

லோகநாயகி அடிக்கவில்லை. குனிந்து கம்பியைத் தொட்டுப் பார்த்தாள். துரு விரலில் ஒட்டியது. அந்த விரலோடு வாசலுக்குப் போனாள்.

"இந்தாய்யா. அன்னிக்குக் கல்லு நீதான கொண்டாந்த?"

காத்தவராயன் வலையைக் கீழே வைக்காமல் நிமிர்ந்தான். அவன் இவ்வளவு பேசி வெண்மதி அதுவரை கேட்டதில்லை.

"அன்னிக்குக் கல்லு எங்க இருந்துச்சு? ஒரே நாள்ல அத்தினி பேருக்கு. இருந்த ரெண்டு அம்மியையும் மொதல்ல வந்தவங்க ஒடச்சு எடுத்துக்கிட்டாங்க. ஏலக்கூடம் இடிஞ்சு கெடந்துச்சு. அதுல ஒரு துண்டு. கைக்கு அடக்கமா இருந்துச்சு. மணல்ல போட்டு ஒரச்சுக் கொண்டாந்தேன். அஞ்சு நிமிசத்துல கடலுக்குப் போறதுதானேன்னு நெனச்சேன். நீ வூட்டுக்குத் தூக்கியாருவன்னு எனக்குத் தெரியுமா?"

"ஏன் சொல்லல?"

"எப்பச் சொல்றது? நீ அதுக்குச் சோறு ஊட்டறப்பவா?"

லோகநாயகி திண்டாடியதாகத் தெரியவில்லை. கணக்குப் பார்க்கிறவளைப் போல வாசலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அப்ப கல்லு பொய். கல்லு பொய்னா அன்னிக்கு ஊத்துன பாலும் பொய். வர வச்சதும் பொய். கருமாதியே ஆவல."

காத்தவராயன் ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

"ஒடம்பும் கெடைக்கல. கருமாதியும் ஆவல. அப்ப எம்புள்ள எங்கியோ இருக்கான்."

உள்ளே போய், உடைந்த பாதிகளை எடுத்து வந்து தெருவோரத்துக் குப்பையில் போட்டாள். கூடையைக் கழுவிக் கவிழ்த்தாள். புகைப்படத்திலிருந்து மாலையைக் கழற்றினாள். அன்றைக்குச் சோறு ஆனதும் முதலில் வெண்மதிக்குத்தான் போட்டாள். வெண்மதி அந்த முதல் கவளத்தை ஜெயித்தவளைப் போலத் தின்றாள். தட்டைக் கழுவப் போகும்போதுதான் பார்த்தாள். அடுப்பு மேடையில் இன்னொரு தட்டு இருந்தது, பெரிய தட்டு. நிறையச் சோறும் இரண்டு நடுத்துண்டும் வைத்து மூடியிருந்தது.

"பதினேழு வயசு. பசியோட வருவான்" என்றாள் லோகநாயகி.

ஊரில் அது ஒரே வாரத்தில் பரவிவிட்டது. குழாயடியில் ராசம்மாள், அஞ்சு வருடம் தண்ணியில் இருந்தவன் மீசை முளைத்துத்தான் வருவானா என்று கேட்டாள். ஒன் மருமவ ஓடிப்போனவளே வந்துட்டா, எம்மவன் வரமாட்டானா என்று லோகநாயகி திருப்பிக் கேட்டதில் இருவருக்கும் பேச்சு நின்றது. ஆண்கள் கலங்கியது வேறு காரணத்துக்கு. காத்தவராயனைப் படகடியில் தனியாகக் கூப்பிட்டு அவன் மச்சான் ஆண்டி சொன்னது இவ்வளவுதான்: "வாய மூடிக்க மச்சான். நீ ஒருத்தன் மட்டுமா ஏலக்கூடத்துல எடுத்த? எங்க வூட்டுக்காரி இன்னும் கேக்கல. கேக்க வச்சிடாத." மற்றவர்கள் போட்டதெல்லாம் கடலில் இருந்தது. உடைத்துப் பார்க்க வழியில்லை. அது அவர்கள் அதிர்ஷ்டம்.

வெண்மதி நடந்ததை ராஜசபேசனிடம் சொன்னாள். தான் தெரிந்தே கொண்டுவந்ததைத் தவிர மற்றதெல்லாம் சொன்னாள். அவர் மேஜைமேல் இருந்த நான்காவது கட்டத்தைக் கையால் அழித்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே வந்துவிட்டார். கையில் துணிப்பை. லோகநாயகி நாற்காலியைத் துடைத்துப் போட்டு டீ கொடுத்தாள்.

அவர் தயாராகத்தான் வந்திருந்தார். எங்கள் வீட்டிலும் கல் ஊன்றுகிற வழக்கம் உண்டு, என் அப்பாவுக்கு நானே ஊன்றினேன், பத்தாம் நாள் எடுத்துவிட்டோம் என்றார். பையிலிருந்து சாம்பல் நிறக் கல் ஒன்றை எடுத்துவைத்தார். தேங்காயைவிடக் கொஞ்சம் பெரிது. பெரிய பாறையிலிருந்து தன் கண்ணெதிரில் உடைத்தது, சுத்தமான தீப்பாறை, சந்தேகமே வேண்டாம் என்றார். ஒரு நல்ல நாள் பார்த்து மறுபடி செய்துவிடுங்கள், நானும் வந்து நிற்கிறேன் என்றார். லோகநாயகி கல்லைப் பார்க்கவே இல்லை. அப்போதுதான் அவர் அந்த வார்த்தையைச் சொன்னார்.

"சடங்குக்குக் கல்லு என்ன வகைங்கறது முக்கியமில்லம்மா. மனசுதான். அன்னிக்கு நீங்க சிமெண்ட்டுல செஞ்சிருந்தாலும் செஞ்சது செஞ்சதுதான்."

"அப்பறம் எதுக்கு சார் ஒடச்சுப் பாத்தீங்க?"

அவள் கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். ராஜசபேசன் டீயை ஒரு வாய் குடித்தார். வெண்மதியைப் பார்த்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். நீங்க தெய்வம். நீங்க ஒடைக்கலன்னா நான் சாவற வரைக்கும் உசுரோட இருக்கற புள்ளைக்குக் கருமாதிக் கல்லக் கும்புட்டுக்கிட்டு இருந்திருப்பேன்."

கிளம்பும்போது அவருக்கு ஒரு பொட்டலம் வஞ்சிரக் கருவாடு கொடுத்தாள். அவர் சாப்பிடமாட்டார் என்று வெண்மதி சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். கல்லைத் திருப்பி எடுத்துப் போக மறந்தாரோ, மனசில்லையோ. அது பின்பக்கத்தில் தண்ணீர்த் தொட்டியோரம் கிடந்தது.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகள் எழிலனைத் தேடுகிற நாள்களாகிவிட்டன. லோகநாயகி புகைப்படத்தைச் சட்டத்திலிருந்து உருவிப் பையில் வைத்துக்கொண்டாள். காத்தவராயன் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டான். வெண்மதி சொல்ல முடியாது, கூடப் பிறந்தவள்தான் அடையாளம் காட்ட வேண்டும். பரங்கிப்பேட்டையில் வீடு வீடாகக் காட்டினார்கள். லால்பேட்டையில் ஒரு வயதான பாய் படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, இன்ஷா அல்லா, அல்லா நாடினால் கிடைப்பான் என்று சொல்லி இருவருக்கும் சாப்பாடு போட்டார். அந்தச் சொல்லை லோகநாயகி உறுதிமொழியாகவே எடுத்துக்கொண்டாள்.

சிதம்பரத்தில் கீழைக் கோபுரத்து வாசலில் ஒரு பையனின் கையைப் பிடித்துவிட்டாள். பதினேழு பதினெட்டு இருக்கும், காதில் போன். பூக்கடைக்காரர்கள் எழுந்து வந்தார்கள்.

"மதி, பாரு. இந்தக் காதப் பாரு."

"இல்லம்மா."

"நல்லாப் பாருடி."

"அண்ணன் இல்லம்மா. அண்ணன் கருப்பு."

"வெயில்ல இல்லாம இருந்தா வெளுத்திருக்க மாட்டானா?"

பையன் கையை உதறிக்கொண்டு, லூசு என்று வெண்மதியைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனான். அம்மாவைச் சொல்ல அவனுக்கும் மனசு வரவில்லை போலிருக்கிறது. லோகநாயகி மண்டபப் படியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தாள். கையைத் தட்டிவிட்டது வெண்மதிதான் என்றாள். "ஒனக்கு அவன் வரக் கூடாது. சின்னதுலேர்ந்தே ஒனக்கு அவனக் கண்டா ஆவாது." வெண்மதிக்குக் கல்லைக் கண்டால்தான் ஆகவில்லை என்பதை இனி யாரிடம் பிரித்துச் சொல்வது.

இப்போது மாதத்தில் மூன்று நாள் அவள் வீட்டுக்குள்ளேயே படுக்கலாம். அலமாரி காலியாக இருந்தது, புத்தகங்களை அங்கே அடுக்கிக்கொள்ளலாம். யாரிடமும் சொல்லாமல் பள்ளிக்கூடம் போகலாம். கேட்டதெல்லாம் கிடைத்திருந்தது. அரையாண்டுத் தேர்வில் பாறைகளின் வகைகளை விளக்குக என்று கேட்டிருந்தார்கள். மூன்றையும் உதாரணத்தோடு எழுதி முழு மதிப்பெண் வாங்கினாள். திருத்திய தாளைக் கொடுக்கும்போது ராஜசபேசன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

டிசம்பர் இருபத்தாறு வந்தது. ஐந்தாம் வருடம். விடிந்ததும் ஊர் முழுக்கப் பாலும் பூவுமாகக் கடற்கரைக்குப் போனது. காத்தவராயனும் போனான். லோகநாயகி போகவில்லை, உயிரோடு இருப்பவனுக்குப் பால் ஊற்றினால் அவன் ஆயுசு குறையும் என்று சொல்லிவிட்டு ஏலத்துக்குக் கிளம்பினாள்.

வெண்மதி பின்பக்கம் போனாள். தொட்டியோரத்தில் ராஜசபேசனின் கல் பாசி பிடித்துக் கிடந்தது. எடுத்துத் தேய்த்துக் கழுவினாள். நல்லெண்ணெய் பூசினாள். மஞ்சள் தடவி, குங்குமம் வைத்தாள். புத்தகங்களை இறக்கிவிட்டு அலமாரியில் வைத்தாள். சமைத்தாள். சின்ன எவர்சில்வர் தட்டைத் தேடி எடுத்து, சோறு போட்டு, நடுத்துண்டை வைத்து, கல்லுக்கு முன்னால் கொண்டுபோனாள். புது எண்ணெய் என்பதால் கறுப்பு ஏறவில்லை, ஆனால் ஏறும். நாலு வருடம் ஆகட்டும். சார்ப்பில் படுக்கவும் அவள் தயாராக இருந்தாள்.

லோகநாயகி உச்சிவெயிலில் திரும்பி வந்தாள். கூடையை இறக்கினாள். அலமாரியைப் பார்த்தாள்.

"யாருடி இது?"

"அண்ணன்" என்றாள் வெண்மதி.

லோகநாயகி பக்கத்தில் வந்தாள். கல்லை இரண்டு கையாலும் எடுத்தாள். ஒரு நிமிடம் மாரோடு அணைத்துப் பிடித்ததுபோல் இருந்தது, கனத்தைப் பார்த்தாளோ என்னவோ. முந்தானையால் குங்குமத்தைத் துடைத்தாள். மஞ்சளைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே வாசலுக்கு நடந்தாள்.

"நல்லா கனமா இருக்கு. கடக்காத்துக்கு இந்தக் கதவு அடிச்சு அடிச்சுச் சாத்திக்குது. வந்து நின்னான்னா, வூட்ல ஆளில்லன்னு நெனச்சுத் திரும்பிப் பூடுவான்."

கதவை முழுசாகத் திறந்து, அது நகராதபடி கல்லை அண்டை கொடுத்தாள். காலால் ஒரு தள்ளுத் தள்ளிச் சரிபார்த்தாள். அசையவில்லை.

"அந்தத் தட்ட எடுத்து மூடி வை. ஆருத்ராவுக்குச் சிதம்பரத்துல தேரு. அவ்ளோ கூட்டத்துல எங்கியாவது நிப்பான். நீயும் வரணும், சொல்லிட்டேன்."

கதவை அன்றிலிருந்து யாரும் சாத்தவில்லை. இரவும் திறந்தே கிடந்தது. கடற்காற்று ஓயாமல் உள்ளே வந்தது. காலையில் எழுந்தால் தரை, பாய், அலமாரியில் திரும்ப அடுக்கிய புத்தகங்கள், எல்லாவற்றின் மேலும் மணல் ஒரு வரிசை படிந்திருக்கும். வெண்மதி துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வருவாள். உள்ளே இருந்து வாசல் வரைக்கும் கூட்டி, கல்லிடம் வந்ததும் அதை நகர்த்தாமல் சுற்றிக் கூட்டுவாள்.